தீ என்ற எழுத்து

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். ஜப்பான் வேலைக்காக அந்த ஊர் மொழியைப் படிக்கும் மகள், போன் திரையில் விரலால் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தாள். ஒவ்வொரு தடவையும் தப்பு என்று சிவப்பாகக் காட்டியது.

"என்ன எழுத்துடி அது, எறும்ப நசுக்குன மாதிரி?"

"தீன்னு அர்த்தம்மா. நடுவுல ஆளு, ரெண்டு பக்கமும் பொறி. நான் ஆள மொதல்ல போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. பொறியத்தான் மொதல்ல போடணுமாம்."

அம்மா எட்டிப் பார்த்தார். "உங்கப்பா மாதிரியே இருக்கு."

"என்னம்மா ஒளறுற?"

"பட்டாசு மருந்து ரூம்லருந்து இப்படித்தான் வந்தாரு. கைய விரிச்சுக்கிட்டு, ரெண்டு தோள்லயும் தீயோட."

மகளின் விரல் நின்றுவிட்டது.

"அங்கனயே உசுரு போயிருச்சு, அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியலன்னுதான இத்தன வருசமா சொன்ன?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆமத்தூரில் ஆட்கள் ஏறினார்கள்.

"எம்புட்டுத் தூரம்மா ஓடுனாரு?"

"கம்பெனி கேட்டு வரைக்கும். சோத்து வாளியோட நான் அங்கனதான் நின்னேன்."