வில்லன் இல்லாத நாவல்

தாம்பரத்தில் புறப்பட்ட பீச் ரயிலில், பெண்கள் பெட்டி. ஆபீஸ் போகும் இரண்டு தோழிகளுக்கு நடுவே ஒரு கைப்பை உட்கார்ந்திருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அந்த நாவல்ல வில்லனே இல்லடி. எல்லாரும் நல்லவங்க. அதான் பயமா இருக்கு," என்றாள் கண்ணாடி போட்டவள்.

"அப்புறம் என்னடி கதை?" என்றாள் மற்றவள்.

"கைக்குழந்தையோட ஒருத்தி மழையில வீடு வீடா இடம் கேக்கறா. எல்லாருக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு வீட்லயும் யாரோ விருந்தாளி வரப்போறாங்களாம். கடைசியில குழந்தை செத்துடுது. காலேஜ்ல பாடமா இருந்தப்பவும் அழுதேன், நேத்து மறுபடி படிச்சப்பவும் அழுதேன்."

சானடோரியம் ஸ்டேஷனில், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஏறினாள். கைப்பையைப் பார்த்தாள்.

"அக்கா, இங்க ஆள் வருதா?"

"ஆமாம்மா, குரோம்பேட்டைல ஏறுவாங்க," என்றாள் கண்ணாடிக்காரி, தினமும் சொல்லிப் பழகிய வேகத்தில்.

சொன்ன பிறகுதான் கண்ணாடிக்காரி அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ உக்காரும்மா."

"அப்போ குரோம்பேட்டைல ஏறப்போற மாலதிக்கு?" என்றாள் தோழி மெதுவாக.

"நிக்கட்டும். புஸ்தகத்தைத் தரேன், நின்னுக்கிட்டே படிக்கட்டும்."