கொட்டகையில் நீல டிரம்

மனைவி: போன எடுத்துக் காதுல வைங்க. கண்ணாடியப் பார்த்து வாயசைச்சா எனக்கு எப்படிக் கேக்கும்?

கணவன்: வச்சிட்டேன்... கேக்குதா? இளைச்சுட்டியே.

மனைவி: பேச்ச மாத்தாதீங்க. நாளைக்கு ஜாமீன் மனு. வக்கீல் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அந்த நீல டிரம்மெல்லாம் யாரு கொண்டாந்து நம்ம கொட்டகையில இறக்கினது?

கணவன்: இங்க ஜெயில்ல என் பக்கத்துல ஒருத்தன் படுக்கறான். அவன் விட்ட குறட்டையில ஜன்னல் கம்பி ரெண்டு ஆட ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு வாரம் நல்லாத் தூங்கினான்னா ஜாமீனே வேணாம், நாங்க எல்லாரும் வெளிய வந்துடலாம்.

மனைவி: எனக்குச் சிரிப்பு வரல.

கணவன்: எனக்கும்தான்.

மனைவி: போதை மாத்திரை செய்யற ரசாயனமாம். தரை கழுவுற மருந்து கலக்கி விக்கற ஆளுக்கு அது என்னத்துக்குன்னு கேக்கறாங்க. அதுவும் ஒவ்வொரு டிரம்லயும் நம்ம லேபிள். எலுமிச்சம்பழப் படம், நம்ம போன் நம்பர்... புத்தி இருக்கிறவன் ஒட்டுவானா?

கணவன்: கைப்பழக்கம். லேபிள் இல்லாம எது நின்னாலும் ஒட்டிடும். உங்கப்பா ஒரு தடவ கொட்டகையில உக்காந்தபடியே தூங்கிட்டாரு... முதுகுல எலுமிச்சம்பழத்தோட வீடு வரைக்கும் நடந்தாரு. வழியில நாலு பேரு விலை கேட்டாங்களாம்.

மனைவி: அந்தப் பழக்கத்தத்தான் வக்கீலும் பிடிச்சுக்கிட்டிருக்காரு. தெரியாம ஒட்டிட்டார்னு வாதாடலாமாம். ஆனா கொண்டாந்தவன் பேரச் சொல்லியாகணும்.

கணவன்: அந்த வக்கீலுக்குக் கேக்க வேற ஒண்ணும் இல்லியா?

மனைவி: என் தம்பிதானே?

கணவன்: அவன எதுக்கு இழுக்கற?

மனைவி: அவன் வண்டியிலதான் வந்து இறங்கிச்சு. எதிர்க்கடைக்காரம்மா பார்த்திருக்கா. நீங்க என் மூஞ்சிக்காகப் பாக்கறீங்க. பாக்க வேணாம்.

கணவன்: சின்னவ பள்ளிக்கூடம் போறாளா?

மனைவி: போகல. கூடப் படிக்கறதுங்க என்னமோ கேட்டுச்சாம்... அப்பா எப்ப வருவாருன்னு மட்டும் கேக்கறா. என்னன்னு சொல்ல?

காவலர்: நேரமாச்சும்மா. முடிச்சுக்கங்க.

மனைவி: ஒரே நிமிஷம் சார்... இங்க பாருங்க, உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் வந்தேன். அவன் முந்தாநாளே போலீஸ்ல வாக்குமூலம் கொடுத்துட்டான். அவனுக்கு ஒண்ணுமே தெரியாதாம். நீங்கதான் எல்லாம் தெரிஞ்சு வாங்கினீங்களாம். வண்டி ஓட்டினதோட அவன் வேலை முடிஞ்சுதாம்.

கணவன்: அவனே சொன்னானா?

மனைவி: வாய் கூசாம. நேரா அவன் வீட்டுக்குப் போனேன். பொண்டாட்டி புள்ளைங்க பாக்கப் பாக்கக் கன்னத்துல ஒண்ணு விட்டேன். நான் செத்தாக்கூட வந்து நிக்காதேன்னுட்டேன். அழுதுக்கிட்டே நிக்கறான்... நடிப்பு. இனி எனக்குத் தம்பியே கிடையாது. இப்பவாவது அவன் பேரச் சொல்லித் தொலைங்க.

கணவன்: போற வழியில அவன் வீட்ல ஒரு எட்டு இறங்கிட்டுப் போ... அவன் பொய் சொல்லலம்மா.