சதை போடுற மாத்திர

கதவக் கொஞ்சம் சாத்திக்கிறேன் சார். சம்பந்தியம்மா வெளிய பெஞ்சுலதான் ஒக்காந்திருக்காங்க. அவங்க காதுல வுழுந்துச்சுன்னா எம்பொண்ணு வாழ்க்க போச்சு.

ஏதாச்சும் மாத்திர சாப்ட்டுச்சான்னு நர்சம்மா கேட்டுகிட்டே இருந்தாங்க. இல்லவே இல்லன்னுட்டேன். பொய்யிதான் சார். நீங்க திருச்சிலேருந்து வந்த ஹார்மோன் டாக்டர்னாங்க, ஒங்ககிட்டயாவது சொல்லிப்புடறேன். ஜெயசித்ராவ எப்புடியாச்சும் பொழைக்க வச்சிருங்க.

ஒல்லியா இருப்பா சார். வேப்பந்தட்டைக்குப் பொண்ணு பாக்க வந்தவங்க அத்தன பேரும் காப்பியக் குடிச்சிட்டு, பொண்ணு நோஞ்சானா இருக்குன்னு போயிட்டாங்க. சீக்காளியத் தலையில கட்டப் பாக்கறியான்னு ஒருத்தி மூஞ்சிக்கு நேரா கேட்டா. மருந்துக்கடையில சொல்லி அழுதேன். சதை போடும்னு ஒரு பொடி மாத்திர குடுத்தான். டாக்டர் சீட்டா? சீட்டெல்லாம் யாரு சார் கேக்கறா. ஒரு வருசம் தின்னா. கன்னமெல்லாம் பூரிச்சுப்போச்சு, என் கண்ணே பட்டுரும்போல இருந்துச்சு. மீன்சுருட்டி ஊர்க்காரங்க வந்தாங்க, பாத்த அன்னிக்கே பூ வச்சிட்டாங்க.

தாலி ஏறுன அன்னிக்கே நிறுத்தச் சொல்லிட்டேன். புகுந்த வூட்டுல மாத்திரையோட போயி நிப்பாளா? அப்பறம் ஒரே வாந்தி, கெறக்கம். உண்டாயிருக்கான்னு சம்பந்தியம்மா ஊரெல்லாம் சக்கர குடுத்தாங்க. போன வாரம் அடுப்படியில வுழுந்தா. குளுக்கோஸ் ஏத்துனதும் எந்திரிச்சா, நேத்து திரும்பவும் வுழுந்துட்டா.

என்னா சார் சொல்றீங்க? தின்னதோட, திடீர்னு நிறுத்துனதுதான் ஆளச் சாய்ச்சுதா? கிட்னிக்கு மேல இருக்கற சுரப்பி வேல செய்ய மறந்துபோச்சா? கொஞ்சங்கொஞ்சமா கொறச்சிருக்கணுமா? ஐயோ, அத எனக்கு யாரு சார் சொன்னா? இப்ப ஊசி போட்டுருக்கீங்கள்ல, முழிச்சுக்குவால்ல? சொல்லுங்க சார். ஒங்க கால்ல வேணாலும் வுழறேன்.

இனிமே அந்தக் கருமாந்தரத்தக் கையால தொடுவனா? இவளுக்கு எளையவ ஒருத்தி இருக்கா சார், புவனேஸ்வரி. அவளுக்கும் எடம் பாக்கணுமேன்னு தை மாசத்துலேருந்து அதத்தான் குடுத்துகிட்டு இருந்தேன். போன வாரம் இவ வுழுந்தான்னு சேதி வந்தப்பவே பயந்துபோயி அத்தனையும் புடுங்கி சாக்கடையில கொட்டிட்டேன். அவளும் முந்தாநாளுலேருந்து வாந்தி எடுத்துகிட்டுக் கெடக்கா. அக்கா நெனப்புல சோறு எறங்கலபோல, கதவத் தாப்பா போட்டுகிட்டுப் படுடின்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

ஏன் சார் எந்திரிச்சிட்டீங்க? வூட்டுல அவ மட்டுந்தான் சார் இருக்கா.