கீழ் சுவிட்ச்

சுவிட்ச் மாட்டுவது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டரை வைத்துக் கரண்ட் இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டால் போதும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். போனைத் தொட்டால் விளக்கு எரிகிற அந்த ஸ்மார்ட் சுவிட்சுகளை வாங்கிவந்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்து நானே மாட்டினேன். முதல் விளக்கு எரிந்ததும் என் மனைவி கைதட்டினாள். "பரவாயில்லையே, உங்களுக்கு இதெல்லாம்கூட வருதே!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்காகக் கைதட்டியது அப்போதுதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

தவறு மாடிப்படியில் நடந்தது. எங்கள் வீட்டுப் படி இரண்டு சுவருக்கு நடுவே ஏறுகிறது. ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அங்கே இருக்கிற ஒரே விளக்குக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். கீழே போட்டுவிட்டு ஏறி, மேலே போய் அணைக்கலாம். அந்த இணைப்பின் சூட்சுமம் தெரியாமல் மேலே இருந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். மேல் சுவிட்சைத் தொட்டால் எரிந்தது, என் போனைத் தொட்டாலும் எரிந்தது. கீழ் சுவிட்ச் மட்டும் செத்துப்போனது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறுதான்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. 'இது தெளிவா, அது தெளிவா' என்று நாளெல்லாம் யாரையாவது கேட்டுக்கொண்டிருப்பேன். அன்று மாலை அவள் கடைக்குப் போன் செய்தாள்.

"படி லைட்டு எரியலைங்க. கையில துணிக்கூடை இருக்கு. கொஞ்சம் போட்டு விடுங்களேன்."

போட்டேன். "ஆங், வந்துடுச்சு" என்றாள்.

அவள் மாடியில் தையல் மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுப்பாள். தைக்கக் கொடுக்க வருகிற பெண்களோடு ஒரே சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். நான் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அது எனக்கு வலித்தது. இப்போது அவளே என்னைக் கூப்பிடுகிறாள், என்னிடம் கேட்கிறாள். தன் போனிலும் அந்த ஆப்பை ஏற்றித் தரச் சொன்னாள். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

அவளுடைய அண்ணன் எலக்ட்ரீஷியன். ஒருநாள் வந்தவர் கீழ் சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மாப்ள, கத்துக்குட்டி வேலை பாத்து வச்சிருக்கீங்க. நகருங்க, இப்பவே சரி பண்ணிடறேன்."

"வேணாம் மச்சான், நானே பாத்துக்கறேன்."

அதற்குள் அதைச் சரிசெய்யும் விதம் எனக்கும் தெரிந்திருந்தது. வீடியோவில் தெளிவாகவே காட்டுகிறார்கள்.

பிறகு மற்ற அறைகளையும் மாற்றினேன். சுவரில் இருந்த பழைய சுவிட்சுகளை எடுத்துவிட்டு வெறும் மூடி போட்டேன், பார்க்க அழகாக இருந்தது. குளியலறை விளக்கை அவ்வப்போது போனிலிருந்து சோதித்துப் பார்ப்பேன். அணைத்ததும் உள்ளே தண்ணீர்ச் சத்தம் நிற்கும். "இருக்கீங்களா?" என்று கேட்பாள். "இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போடுவேன். அவள் இளைத்துப்போனாள், எதற்கெடுத்தாலும் திடுக்கிட்டாள். நான் கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை. கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைப் பரிசோதித்தேன். பார்வையில் ஒரு குறையும் இல்லை.

அந்த வியாழக்கிழமை காலையில் தையல் மெஷினின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். அவள் எங்கே போனாலும் திரும்பி வருவாள், மெஷின் போனால் வரமாட்டாள். எனக்கு அது தெரியும். ஒன்றும் கேட்காமல் வேலைக்குக் கிளம்பினேன்.

கடையில் ஒரு பெரியவர் எழுத்துப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தபோது, படி விளக்கு எரிவதாக என் போன் சொன்னது. மேல் சுவிட்சைத் தொட்டிருக்கிறாள். இரண்டு கையாலும் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவாள் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர் கடைசி வரியில் திணறினார். "அவசரமில்லை, நிதானமா வாசிங்க" என்றேன். அவள் பாதிப் படி இறங்கியிருப்பாள் என்று தோன்றியதும் விளக்கை அணைத்தேன்.

விழவேண்டும் என்று நினைக்கவில்லை. இருட்டில் நின்று என்னைக் கூப்பிடுவாள் என்றுதான் நினைத்தேன். போன் வரவே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் இறங்கிவிட்டாளோ என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு எப்போதும்போல வீட்டுக்குப் போனேன். வழியில் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டேன். படிக்குக் கீழே கிடந்தாள், மெஷின் அவள் மேல் கிடந்தது. அதை நகர்த்தி வைத்தேன். கனமான மெஷின்.

அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகச் சாயங்காலம் அண்ணன் வந்தார். கதவைத் தள்ளித் திறந்து, கீழ் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அப்போது நான் இருட்டில், கடைசிப் படியில், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் என் கையில்தான் இருந்தது. அவ்வளவு நேரம் ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை, சார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்கு உயிர் இருந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டதும், "லைட்டப் போடுங்களேன்" என்றாள். துணிக்கூடையோடு நின்று கேட்ட அன்றைக்கு இருந்த அதே குரல். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு தடவை கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

கேட்டிருந்தால் உடனே போட்டிருப்பேன்.