ப்ராசஸர் மாற்றிய மத்தியானம்

கம்ப்யூட்டர் ப்ராசஸர் மேல், சூட்டை இழுக்கும் பேஸ்ட் வைக்கும்போது ஒரு பட்டாணி அளவுக்கு மேல் வைக்கக் கூடாது சார். நிறையப் பேர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல் அப்பிவிட்டு, சூடாகிறது சூடாகிறது என்று கடைக்காரனைத் திட்டுகிறார்கள். நீங்கள் கேட்டது இது இல்லைதான். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பி என்றீர்கள், எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் சும்மா இருப்பவன் என்றுதான் உங்கள் ஸ்டேஷன் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். ஆன்லைன் விளையாட்டு ஒன்றில், காசு கொடுப்பவர்களின் கணக்கில் நான் உட்கார்ந்து விளையாடி, அவர்களை மேல் நிலைக்கு ஏற்றிக் கொடுப்பேன். அதற்கும் திறமை வேண்டும், தூக்கம் கெட வேண்டும். உங்கள் பையனை வெள்ளியிலிருந்து வைரத்துக்கு ஏற்றியது யார் என்று வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

என் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. போன வருஷக் கடைசியில் அந்த விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. அன்றிலிருந்து, பத்துப் பேர் ஒரே இடத்தில் சண்டை போடும்போது என் திரை உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது நான் செத்துக் கிடப்பேன். கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். புதுசாக வாங்க வக்கில்லை. ஆனால் என்னுடைய மதர்போர்டு நல்ல ஜாதி, அதிலேயே மூன்று தலைமுறை தள்ளி வந்த ப்ராசஸரையும் மாட்டலாம். மணிலாவில் ஒருவன் பழையதை விற்றான். பஸ்ஸிலும் படகிலுமாக ஒரு சோப்பு டப்பாவில் வந்து சேர்ந்தது, அடியில் இருக்கும் ஊசிப் பின்களில் ஒன்றுகூட வளையவில்லை.

அதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. போர்டுக்குள் இருக்கும், பயாஸ் என்கிற தொடக்க புரோகிராம் பழசாக இருந்தால் புது ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். அது ஏறிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களுக்குள் கரண்ட் போனால் போர்டு செத்தது. அப்புறம் அதைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும். மணிலாக்காரனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நம் சான் இசித்ரோவில், கரண்ட் இருக்கும் நேரம் என்று ஒரு அட்டவணை போடுகிறார்களே, அதைப் பார்த்து நீங்கள் சோறாவது பொங்குவீர்களா சார்?

எங்கள் வீட்டில் ஒரு யூபிஎஸ் இருக்கிறது, நல்ல பெரியது. அது அப்பாவுடையது. அவருடைய ஆக்ஸிஜன் மெஷினுக்காக அக்கா ரோவேனா தோஹாவிலிருந்து பணம் அனுப்பி வாங்கினது. கரண்ட் போனால் மெஷினை அது கொஞ்ச நேரம் தாங்கும், அதற்குள் நான் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றி மாட்ட வேண்டும். ஆறு வருஷமாக நான்தான் மாட்டினேன்.

ஆறு வருஷம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. அரிசி ஆலைத் தூசியும் சிகரெட்டும் தின்ற நுரையீரல் அவருக்கு. குளிப்பாட்டி, துடைத்து, கஞ்சி ஊட்டி, மலம் அள்ளினவன் நான். தெருவில் பேர் வாங்கினவள் அக்கா. "எலிசியோவுக்கு வாய்த்த மகள் மாதிரி வருமா" என்று என் காதுபடவே சொல்வார்கள். அப்பாவும் வாயைத் திறந்தால் அவள் புராணம்தான். என் கையில் கஞ்சிக் கிண்ணம் இருக்கும், என்னைப் பார்த்துக்கொண்டே அவளைப் புகழ்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஊட்டுவேன். கஞ்சி ஆறியிருக்கிறதா என்று உதட்டில் வைத்துப் பார்த்துத்தான் ஊட்டுவேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் வந்தாள். அவள் விசாரிக்க மாட்டாள், சோதனை போடுவாள்.

"லிட்டோ, சிலிண்டர் ரொப்பிட்டியா?"

"ரொப்பிட்டேன்க்கா."

"காட்டு."

காட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் காலி சிலிண்டரும் நிறைந்த சிலிண்டரும் ஒன்றுதான்.

"சிலிண்டருக்கு அனுப்பின காசுலயும் கேம் வாங்கித் தொலைச்சிடாதடா. முப்பத்தாறு வயசாச்சு. ஒனக்கு வெட்கமா இல்லையா?"

"ரொப்பிட்டேன்னு சொல்றேன்ல? சும்மா நொய் நொய்ங்கிற."

அந்தக் காசில்தான் ப்ராசஸர் வந்தது. மாட்டியவுடன் நாலு பேரை ஏற்றிக் கொடுத்தால் சிலிண்டரை ரொப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது தப்பான கணக்கு என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன். "கொஞ்ச நேரம்ப்பா, யூபிஎஸ்ஸ எடுத்துக்கறேன். மெஷின நேரா சுவத்துல சொருகிடறேன்."

மூக்கில் குழாயோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். பேசுவதற்கே அவருக்கு மூச்சு சேர்க்க வேண்டும். சேர்த்துக்கொண்டு சொன்னார்: "எடுத்துட்டுப் போடா ராஜா. போய் வெளையாடு."

எடுத்துக்கொள் என்றுதானே சொன்னார்? அவருடைய சம்மதம் இல்லாமல் நான் எதையும் எடுக்கவில்லை.

பயாஸ் ஏற ஆரம்பித்துப் பாதி கூட ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது. அறையின் காற்றாடி நின்றது. என் காலடியில் யூபிஎஸ் பீப் பீப் என்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் மெஷின் விடாமல் அலறியது. கரண்ட் இல்லாவிட்டால் அது அப்படித்தான் கத்தும். திரையில், பயாஸ் எவ்வளவு ஏறியது என்று காட்டும் நீலப் பட்டை மட்டும் நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. யோசித்து, முன்னாலேயே யூபிஎஸ்ஸை மாட்டி வைத்தவன் நான்தானே.

அப்பா தட்ட ஆரம்பித்தார். கூப்பிடத் தெம்பில்லாததால் தகரக் குவளையில் ஸ்பூனால் தட்டுவார். தண்ணீருக்கும் தட்டுவார், ஈ உட்கார்ந்தாலும் தட்டுவார், அக்காவிடம் போன் போட்டுக் கொடு என்றும் தட்டுவார். ஒரு மனுஷன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தட்டினால் எதற்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

சரி, தெரியும். அன்றைக்குத் தெரியும்.

பக்கத்துக் கடைக்கார பாசிங் அக்கா ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். உள்ளே இருட்டு, அவளுக்கு என் முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"லிட்டோ! கரண்ட் போயிடுச்சே. அப்பா எப்படிப்பா இருக்காரு?"

"நல்லா இருக்காரு."

"மிஷினு சத்தம் போடுதே?"

"அது அப்படித்தான் போடும்."

"என் ஃப்ரிட்ஜுக்கு ஜெனரேட்டர் போடப் போறேன். ஒரு ஒயர் இழுத்துத் தரட்டுமா? நான் வந்து சொருகிட்டுப் போறேன், நீ எந்திரிக்கக்கூட வேணாம்."

"வேணாம்க்கா. சிலிண்டர் மாட்டியாச்சு."

"என்னமோப்பா. எம் மனசு கேக்கல."

அவளை ஏன் உள்ளே விடவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். விட்டால் அந்த யூபிஎஸ் என் மேஜைக்கடியில் இருப்பதைப் பார்ப்பாள். அரை மணியில் தோஹாவுக்கு சேதி போய்விடும். அக்கா போனில் கத்துவாள், அப்பா மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். என் முதல் கம்ப்யூட்டரை அவர் கிணற்றடியில் போட்டு உடைத்த அன்றும் அப்படித்தான் சிரித்தார். இன்னொரு தடவை அதைக் கேட்க என்னால் முடியாது சார்.

பட்டை முழுதாக நிறைந்தது. வெற்றி என்று எழுத்து வந்தது. யூபிஎஸ்ஸில் இன்னும் சார்ஜ் இருந்தது. அப்போதாவது கழற்றிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள்.

அது தொழில் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி. பழைய ப்ராசஸரைச் சூடு ஆறுவதற்குள் கழற்ற வேண்டும். ஆறிவிட்டால் பேஸ்ட் இறுகிக்கொள்ளும். அதன் மேல் பொருத்தியிருக்கும் சின்னக் காற்றாடியைத் தூக்கினால் ப்ராசஸரையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் எல்லாம் வளைந்து போகும். அதனால் உடனே அணைத்து, காற்றாடியைப் பிடித்து இப்படியும் அப்படியுமாக மெதுவாகத் திருகினேன். அலுங்காமல் வந்தது. பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட்டில் துடைத்தேன். புதுசை அதன் மூலையில் இருக்கும் முக்கோணக் குறி பார்த்து வைத்தேன், தன் எடையிலேயே உள்ளே இறங்கி உட்கார்ந்தது. அது இறங்கும்போது வரும் சந்தோஷம் உங்களுக்குச் சொன்னால் புரியாது.

தட்டும் சத்தம் அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, தூங்கிவிட்டார் என்று நினைக்கலாம் என்று நினைத்தேன். மெஷின் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அது அலறும்போது அவர் ஒரு நாளும் தூங்கியதில்லை.

பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, காற்றாடியைத் திரும்ப மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். முதலில் கறுப்பு. பழைய போர்டு கொஞ்சம் யோசிக்கும், அவசரப்படக் கூடாது. அப்புறம் திரை வந்தது, புது ப்ராசஸரின் பெயர் எழுத்துப் பிசகாமல் வந்தது. வெப்பம் எவ்வளவு என்று பார்த்தேன். நல்ல அளவாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாசிங் அக்கா கேட்காமல் வந்துவிட்டாள். மனசு கேட்கவில்லையாம், தோளில் ஒயர்ச் சுருளோடு நேராக அப்பாவின் அறைக்குப் போனாள். முதலில் அவள் கத்தியது கேட்டது. அப்புறம் என் கதவில் வந்து நின்று, மேஜைக்கடியில் பார்த்தாள்.

"அடப்பாவி. சிலிண்டர் மாட்டியாச்சுன்னியேடா. அது காலியா கெடக்குதேடா."

அதற்குப் பதில் அவளுக்கில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

காலையில் உங்களிடம், கரண்ட் போகாது என்று நம்பித்தான் எடுத்தேன் என்று சொன்னேன். "அப்புறம் யூபிஎஸ் எதுக்குடா?" என்று நீங்கள் ஒரே வார்த்தையில் மடக்கினீர்கள். நியாயம்தான். போகும் என்று தெரிந்துதான் எடுத்தேன். இப்போது வீட்டில், நம் ஊர் வழக்கப்படி, சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள், அக்கா நாளைக்கு வந்து இறங்குவாள், தெருவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழும். ஆறு வருஷம் அவரை உயிரோடு வைத்திருந்தவன் யார் என்று ஒரு நாயும் கேட்காது.

கொலை என்கிற வார்த்தையை மட்டும் எழுதாதீர்கள் சார். அவர் மேல் என் சுண்டுவிரல்கூடப் படவில்லை. அவ்வளவு நேரமும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.