மரண அறிவித்தலில் இல்லாத மகன்

விழாவுக்குத் தலைமை ஏற்று, நான் நேரம் தவறினால் அடிப்பதற்கென்றே மேசைமணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் சங்கத் தலைவி தாமரைச்செல்வி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் மேன்மைமிகு சான்றோர்களே! நான்கு மணி விழாவுக்கு நான்கு மணிக்கே வந்து ஏமாந்து, ஏமாந்தும் எழுந்து போகாமல் இருக்கும் என் தாய்மார்களே! நம் எடிசன் நகரத்து ஓக் ட்ரீ சாலை நெரிசலில் நீந்தி, நிறுத்த இடம் தேடி நொந்து, நின்றபடியே கேட்கும் நண்பர்களே! தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சிரிக்கும் எங்கள் இளையோரே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் சூசைரத்தினத்தின் தலைதாழ்ந்த வணக்கம்.

தலைதாழ்ந்த என்பதை வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. இன்று என் தலை உண்மையிலேயே தாழ்ந்திருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். 'இசைவேந்தர் மரியதாசன்: எங்கள் குடும்பத்தின் பெருமை. உரை: பொறியாளர் சூசைரத்தினம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். பொறியாளர் என்பது சரி; பாலம் கட்டித்தான் ஓய்வு பெற்றேன். 'எங்கள்' என்ற சொல்லுக்கும் 'பெருமை' என்ற சொல்லுக்கும் எனக்கு உரிமை இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

மரியதாசன் யார்? என் மனைவி பத்மராணியின் உடன்பிறந்த அண்ணன். என் மைத்துனர். மேடையில் நாற்காலி போட்டும் ஏற மறுத்து, அதோ, இரண்டாம் வரிசையில் தங்கைக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். டின் ஹார்பர் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவில் நாற்பத்தாறு ஆண்டுகளாக பேஸ் கிட்டார் வாசிப்பவர். நான்கு தடித்த கம்பிகள் கொண்ட அந்தக் கிட்டார் ஒலிக்கும்போது யாருக்கும் தெரியாது. நிறுத்திவிட்டால் எல்லோருக்கும் தெரியும். முந்தாநாள் நியூவார்க் அரங்கில் பதினாலாயிரம் பேர் எழுந்து நின்று கேட்டார்கள். கடைசிச் சுற்றுப்பயணம் என்பதால் கண்ணீரோடு கேட்டார்கள்.

இப்போது கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், அது அவருக்கு. என் கதை வரும்போது கையை மடியில் வைத்துக்கொண்டால் போதும்.

1979. லண்டன், ஈஸ்ட் ஹாம். ஒரே அறையில் இரண்டு கட்டில்; ஒன்றில் நான், மற்றதில் மரியதாசன். நான் பொறியியல் படித்தேன். அவர் கணக்கியல் படிப்பதாக வீட்டுக்குக் கடிதம் எழுதினார். மாலையில் ஒரு தேவாலயத்தின் நிலவறைக்குப் போவார். நான் செபமாலை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகன் பாட, ஒரு பஸ் டிரைவர் டிரம்ஸ் அடிக்க, ஒரு பள்ளி ஆசிரியை கீபோர்டு வாசிக்க, நம் யாழ்ப்பாணத்து மரியதாசன் கிட்டாரோடு நின்றார். நியூ வேவ், புது அலை என்று பத்திரிகைகள் பேர் வைத்த காலம். அலை வந்தது, அவர் தலைமயிரில் பாதி நீலமானது, கண்ணுக்கு மை வந்தது, தாசன் டாஸ் ஆனார்.

இரண்டே வருடத்தில் தொலைக்காட்சியில் வந்தார். வீட்டுக்கார அம்மா விருந்தாளிகளோடு அறைக்குள் வர, நான் பாய்ந்து போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினேன். ஊரே ஒருவனைப் பார்க்கிறது; அவனோடு ஒரே சட்டியில் சோறு தின்றவன் ஓடிப்போய் நிறுத்துகிறான். ஏன் நிறுத்தினேன்? வெட்கம். அன்று அவரை நினைத்து நான் வெட்கப்பட்டேன்.

டின் ஹார்பரின் வாழ்க்கை பட்டுக் கம்பளத்தில் நடந்த வாழ்க்கை அல்ல. ஏறினார்கள், இறங்கினார்கள். இசைத்தட்டு நிறுவனம் கைவிட்டது. பாடகர் பிரிந்து போனார். ஐந்து வருடம் கழித்து அசடு வழியத் திரும்பி வந்தார். ஒரே வேனில் அமெரிக்கா முழுக்க ஓடி, முப்பது பேர் இருந்த மதுக்கடையிலும் வாசித்தார்கள். சொகுசுக் கப்பலில் சாப்பாட்டு நேரத்துக்கு வாசித்தார்கள். பிறகு அவர்கள் பிரிந்திருந்த காலத்தில் பிறந்த பிள்ளைகள் செல்போனில் அந்தப் பழைய பாட்டுகளைத் தோண்டி எடுத்தார்கள், கொண்டாடினார்கள். அரங்கங்கள் மறுபடி நிறைந்தன.

இந்த நாட்டு ரசிகர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஓர் இணையதளம் நடத்துகிறார்கள். எந்த ஊர், எந்த நாள், எந்தப் பாட்டு, எல்லாம் அதில் உண்டு. அவர்களுக்கு விடை தெரியாத கேள்விகள் இரண்டே இரண்டு. ஒன்று: 1986ஆம் ஆண்டு ஆல்பத்தின் அட்டையில் எல்லோரும் தலைவிரிகோலமாய் நிற்க, டாஸ் மட்டும் ஏன் கம்பளித் தொப்பி போட்டிருக்கிறார்? இரண்டு: நாற்பத்தாறு வருடத்தில் ஒரேயொரு கச்சேரிக்கு மட்டும் அவர் ஏன் வரவில்லை? முதல் கேள்விக்கு ஃபேஷன் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதற்கு உடல்நலக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். அன்பர்களே, இரண்டுக்கும் விடை நான்தான்.

1986இல் எனக்கும் பத்மராணிக்கும் திருமணம். அந்த நீல மயிரோடு கோயிலுக்குள் வரக்கூடாது என்று மணமகனாகிய நான் சொல்லி அனுப்பினேன். அவர் மொட்டை அடித்துக்கொண்டு வந்து, தங்கை கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, பந்தி பரிமாறிவிட்டுப் போனார். அடுத்த கிழமை அந்த அட்டைப்படம் எடுத்தார்கள். அதுதான் தொப்பி.

சிரிக்கிறீர்கள். நானும் பல வருடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அடுத்தது சிரிக்க முடியாதது.

1994. நாங்கள் அமெரிக்காவுக்கு, இந்த எடிசனுக்கு வந்துவிட்டோம். கொழும்பிலே என் மாமனார் மிக்கேல்பிள்ளை காலமானார். எங்கள் ஈழத்துச் சனத்தின் வழக்கத்தைத் தமிழகத்து உறவுகளுக்காகச் சொல்கிறேன். எங்களில் ஒருவர் இறந்தால் பத்திரிகையில் மரண அறிவித்தல் கொடுப்போம். இன்ன ஊரில் பிறந்தவர், இன்னாரின் கணவர், இன்னின்னாரின் தந்தை, இன்னாரின் மாமனார் என்று உறவு முழுவதும் அதில் வரும். சிதறிப்போன சனம் ஐயா நாங்கள்! எங்களுக்கு ஊர் அதுதான். உறவு அதுதான். யார் யாருக்கு என்ன முறை என்று உலகத்துக்கு அத்தாட்சி சொல்லும் ஒரே காகிதம் அதுதான்.

அதை நான் எழுதினேன். 'பத்மராணியின் அன்புத் தந்தையும், சூசைரத்தினத்தின் மாமனாரும், ரூபிகாவின் பாட்டனுமாவார்' என்று எழுதினேன். மகன் மரியதாசன் என்று எழுதவில்லை. மறந்து விடவில்லை, பேனாவை அந்த இடத்தில் நிறுத்தி, யோசித்து, விட்டேன். கீழே வழக்கப்படி 'தகவல்: மகள் பத்மராணி' என்று போட்டேன்.

ஏன்? அப்போது என் தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் டொராண்டோவில் பெரிய ஆட்கள். அறிவித்தலைப் பார்த்தால் மகன் என்ன செய்கிறார் என்று விசாரிப்பார்கள். கண்ணுக்கு மை பூசி மேடையில் துள்ளுகிறார் என்று எப்படிச் சொல்வது? அதற்காக ஒரு தகப்பனிடமிருந்து மகனை வெட்டி எடுத்தேன். அந்த மாப்பிள்ளை ஜெயசீலன், இப்போது கலிஃபோர்னியாவில் பிளசன்டனில் இருக்கிறார், இன்றைக்கு இந்த மண்டபத்திலும் இருக்கிறார். கலியாணம் முடிந்து முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனேன். வரவேற்பறை அலமாரியில் டின் ஹார்பரின் இசைத்தட்டுகள் முழுதும் வரிசையாக நின்றன. இந்தக் கோமாளித்தனத்தை நான் எங்கே போய்ச் சொல்லி அழ?

இன்னும் இருக்கிறது. பத்மராணி என்னிடம் கேட்டாள்: "அண்ணாவுக்குச் சொல்லிட்டீங்களோ?" சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லவில்லை. அறிவித்தலில் அண்ணன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டாள். அவரே வேண்டாம் என்றார் என்றேன். அன்று மரியதாசன் எங்கே இருந்தார் தெரியுமா? இதே அமெரிக்காவில், டெக்சஸில், இர்விங்கில் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு தொலைபேசி தூரம். அரங்கின் பெயர் பத்திரிகையில் வந்தது, நான் பார்த்தேன். இங்கே அவர் தகப்பனுக்காக நாங்கள் முழந்தாளிட்டிருந்த நேரம் அங்கே அவர் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று கிழமை கழித்து லண்டன் திரும்பி, மீன் வாங்க ஒரு தமிழ்க் கடைக்குப் போயிருக்கிறார். கல்லாவில் பழைய பத்திரிகை கிடந்தது. தகப்பன் படத்தைப் பார்த்து எடுத்தார். ஒரே பத்தியில் இரண்டு செய்தி படித்தார். தகப்பன் செத்துப்போனார் என்பது ஒன்று. தான் பிறக்கவே இல்லை என்பது மற்றது. அன்று மாலை வாசிக்க அவர் கை எழவில்லை. ரசிகர்கள் உடல்நலக்குறைவு என்று எழுதி வைத்த கச்சேரி அது.

பிறகு முப்பது வருடம் அண்ணனும் தங்கையும் பேசவில்லை. தகப்பன் சாவுக்கும் வராத அண்ணன் என்று அவள் நினைத்தாள். தன்னை வெட்டிய தங்கை என்று அவர் நினைத்தார். அவர் பெயர் எங்கள் வீட்டில் புழங்கவில்லை. என் மகள் ரூபிகா கல்லூரியில் படிக்கும்போது ஒரு பழைய இசைத்தட்டின் படத்தை எனக்கு அனுப்பினாள். "டாட், திஸ் கை லுக்ஸ் எக்ஸாக்ட்லி லைக் அம்மா" என்றாள். இத்தாலிக்காரர்கள் நம்மைப் போலத்தான் இருப்பார்கள், அம்மாவிடம் காட்டாதே என்றேன். சொந்தத் தாய்மாமனை இத்தாலிக்காரன் ஆக்கினேன்! ஒரு பொய்க்கு எத்தனை பொய் முட்டுக்கொடுத்தேன், தாய்மார்களே! பாலம் கட்டியவன்தானே நான். தூண் தூணாகப் பொய்யை நிறுத்தினேன்.

இந்த வருடம் ஒரு பேட்டியில் அவர் தன் முழுப் பெயரையும் ஊரையும் சொன்னார். உடனே உலகத் தமிழருக்கெல்லாம் அவர் சொந்தமாகிவிட்டார். சங்கத்துத் தம்பி க்ரிஷ் என் வீட்டுக்கு வந்து, "அங்கிள், அவர் உங்க ரிலேட்டிவாமே, ப்ளீஸ் காண்டாக்ட் பண்ணுங்க, நம்ம ஆன்வல் டேக்கு சீஃப் கெஸ்டா கூப்பிடலாம்" என்றார். க்ரிஷ், உங்கள் மேல் குறையில்லை. பெருமை என்று நம்பித்தான் வந்தீர்கள்.

முப்பது வருடம் கழித்துத் தொலைபேசி எடுத்தேன். நலம் கேட்பார், அல்லது வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே: "ராணி ஏன் அப்பிடிச் செய்தவள்?" அந்த நொடிதான் நான் செய்தது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரிந்தது. அவள் செய்யவில்லை, நான் செய்தேன் என்றேன். பிறகு சொன்னார்: "சூசை, நான் வாறன். ஆனா எனக்கு நீ ஒண்டும் விளங்கப்படுத்த வேண்டாம். அந்தப் பேப்பரை வாசிச்ச சனத்துக்குச் சொல்லு."

இரண்டு மாதம் மனைவியிடமும் சொல்லத் துணிவில்லை. நான்கு நாளுக்கு முன் சொன்னேன். அவள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அண்ணன் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் முகம் எனக்கு இல்லை.

அறிவித்தலை வாசித்த சனமே, அதனால் உங்களிடம் சொல்கிறேன். டொராண்டோவிலும் லண்டனிலும் இங்கேயும் வாசித்தவர்களே, நீங்கள் வாசித்தது பொய். மிக்கேல்பிள்ளைக்கு ஒரு மகன் உண்டு. தலைமகன் உண்டு. வெட்கப்பட வேண்டியவன் அவனில்லை!

என்னோடு முடிந்துவிடுமா? இந்த மண்டபத்தில் நான் ஒருவன்தானா? வேறு மதத்தில் மணந்ததற்காக எந்த மகளின் பெயரை விட்டீர்கள்? மணமுறிந்ததற்காக எந்தத் தங்கையை விட்டீர்கள்? படிப்பை விட்டதற்காக, பாட்டைப் பிடித்ததற்காக, ஊர் கேட்கும் என்ற ஒரே காரணத்துக்காக எத்தனை பேரை உயிரோடு புதைத்துவிட்டு, அவர்கள் பெயர் வாங்கியபின் மாலையோடு ஓடுகிறோம்? புகழ் வந்தபின் நம்மவன் என்கிறோமே, புகழ் வராமல் போன மரியதாசன்கள் எங்கே? அவர்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

மணி அடித்துவிட்டீர்கள், தலைவி அவர்களே. இதோ முடிக்கிறேன்.

அடுத்த மாதம் மாமனாரின் முப்பத்தோராவது நினைவு நாள். நினைவஞ்சலி ஒன்று எழுதி எடுத்து வந்திருக்கிறேன், வாசிக்கிறேன். 'அன்னாரின் நினைவில் வாழும் மகன் மரியதாசன், மகள் பத்மராணி, பேத்தி ரூபிகா.' அவ்வளவுதான். மருமகன் என்று போட வேண்டிய இடத்தில் என் பெயரை நான் எழுதவில்லை. முப்பது வருடம் அவர் இல்லாமல் இருந்தார். மீதி வருடம் நான் இல்லாமல் இருப்பேன்.

பொறுங்கள். அவர் எழுந்து நிற்கிறார். தம்பி, அந்த மைக்கைக் கொடுங்கள். வேண்டாம் என்கிறார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "சூசை, உன்ர பேரையும் போடு. பேர் வெட்டுற வேலை எங்கட வீட்டில இனி வேண்டாம்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. பத்மராணி இன்னும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் பேனாவைத் தன் கைப்பையிலிருந்து எடுத்து இங்கே கொடுத்தனுப்பியிருக்கிறாள். மேடையில் நின்றபடியே எழுதுகிறேன். மகன், மகள், பேத்தி, கடைசியாக மருமகன்.

பொன்னாடையை வேறு யாராவது போர்த்துங்கள். அதற்கு இந்தக் கை வேண்டாம். என் மானம் போவதைப் பொறுமையாக இருந்து கேட்ட உங்களுக்கு நன்றி. பெயர் சொல்லப்பட்டவர்களுக்கும், சொல்லப்படாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களுக்கும் என் வணக்கம்.