கரடி விழுந்த பிறகு வந்த சத்தம்

நம் பங்குக் கோயில் குடும்ப விழாவுக்கு வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்... இதை நான் இரண்டாவது தடவை சொல்கிறேன். முதல் தடவை மைக்கை ஆன் பண்ணாமலே பேசிவிட்டேன். ஊமைப் படம் மாதிரி வாய் மட்டும் அசைந்திருக்கிறது. முன்வரிசையில் என் மகள் ஜெனிபா தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. போகட்டும். ஊமைப் படம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ரொம்பச் சின்னக் கதைதான், சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

என் மனைவி பிலோமினா குவைத்தில் நர்ஸ். தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். ஒரு நாள் ஜெனிபா போனை என்னிடம் நீட்டிவிட்டு, "இனிமே நான் பேசமாட்டேன்" என்றாள். ஏன்?

"நான் ஜோக் சொன்னா அம்மா உம்முன்னு பாக்குறாங்க. அப்புறமா சிரிக்கிறாங்க. அது பொய்ச் சிரிப்புப்பா!"

நெட் மெதுவாக வருகிறது என்றேன். கேட்பாளா? அம்மா கூப்பிட்டாலே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கே பிலோமினா, "பாப்பா என்னை மறந்துட்டாளாங்க?" என்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் ஓடியது. தவளை பியானோ வாசிக்கிறது, கரடி ஏணியில் ஏறுகிறது. சினிமா பேச ஆரம்பித்த காலத்துப் படம். அப்போதெல்லாம் படம் தனி, சத்தம் தனி. படத்தை ஓடவிட்டு, எதிரே தட்டு, மூடி, விசிலோடு ஆட்கள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அடிப்பார்களாம். எங்கேயோ படித்தது... பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவன் நான், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"வா பாப்பா, நாமளும் அடிப்போம்" என்று டிவி சத்தத்தை நிறுத்தினேன். தவளை அவளுக்கு, ஸ்பூனும் டம்ளரும். கரடி எனக்கு, குக்கர் மூடி. கரடி விழுகிறது... விழுந்துவிட்டது... எழுந்து தூசி தட்டுகிறது... அப்போது நான், 'டமார்!'

"அய்யோ அப்பா! கரடி எந்திரிச்சுப் போயிருச்சு!"

"போனா என்னடி? அது விழுந்ததுக்குத்தானே அடிச்சேன்?"

உருண்டு உருண்டு சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"அப்பா... அம்மாவும் அப்படித்தானா?"

சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. எனக்குத் தாளம் வராது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் போனை அவளே எடுத்தாள். கரடி கதையைச் சொன்னாள். சொல்லி முடித்து, என்னையும் பேசவிடாமல் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு... காத்திருந்தாள். அங்கே பிலோமினா முகம் அப்படியே நிற்கிறது... நிற்கிறது... பிறகு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு!

"அப்பா, டமார்!" என்று குதித்தாள்.

இங்கே எத்தனை வீட்டு ஆட்கள் துபாயில், கப்பலில், பெங்களூரில் இருக்கிறார்கள்? பதில் வரக் கொஞ்சம் லேட்டானால், பாசம் போய்விட்டது என்று நாமே போனை வைத்துவிடுகிறோம், இல்லையா? வைக்காதீர்கள். என் மகள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் இருங்கள். அந்தச் சிரிப்பு உங்களுக்காகத்தான் கிளம்பியிருக்கிறது... வழியில் இருக்கிறது.

அன்றைக்குக் கடைசியில் பிலோமினா, "நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்றாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். கேட்க வந்தது அது இல்லை, இதுதான்: "எப்ப வருவே?"